பாய்ப்படகுக்கு ஒரு சிறு துணை

எமது கல்லூரியன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, எதனை எழுதுவதென்று நாம் சிறிது தயங்கினோம். சமயம், இலக்கியம், கல்வி என்பன பற்றி எழுத அறிஞர் பலர் உளர். நாமோ திருகோணமலைக் கடற்கரையில் வளர்ந்த பழைய மாணவர் மூவர். எம் கைவசமுள்ள சிறப்பறிவெல்லாம், ஓய்வு நாட்களில் ஒரு சிறு பாய்ப்படகோடு போராடிப் பெற்ற அறிவேயாம். அப்படகுக்கு ஓர் இயந்திரத்தைத் துணையாகப் பூட்ட முயன்று, முதலிற் பெரிதுந் தவறிப் பின்னர் ஓரளவு வெற்றி கண்ட வரலாற்றை எழுதுவதிற் பயனுண்டு எனத் துணிந்தோம். வகுப்பறையில் நெம்புகோலின் தத்துவத்தை மனனஞ் செய்யும் மாணவர், அத்தத்துவம் கடலில் எவ்வாறு உயிர்பெற்று வந்து நிற்கின்றது என்பதை இதனாற் காண்பராயின் எமக்கு அதுவே போதும்.

படகின் வரலாறு

எமது படகை ஆங்கிலத்திற் ‘கற்றமரான்’ என்பர். இச்சொல் நமது ‘கட்டுமரம்’ என்னும் சொல்லின் திரிபே. 1697 இல் வெளிவந்த வில்லியம் டாம்பியர் என்பாரின் கடற்பயண நூலிலேயே, சோழமண்டலக் கரையிற் கண்ட மிதவைகளின் பெயராக இச்சொல் ஆளப்பட்டுள்ளது. ஆயினும் பெயர் சென்றது போலப் பொருள் செல்லவில்லை. நமது கட்டுமரம் மரங்களை அருகருகே அடுக்கிக் கயிற்றாற் பிணைத்த மிதவை. இன்று மேனாட்டார் கற்றமரான் எனச் சுட்டுவதோ, இடைவெளிவிட்டு நிறுத்திய இரண்டு ஒடுங்கிய தோணிகளைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த இரட்டைத் தோணியாகும். அவ்வமைப்புப் பசிபிக் தீவு மக்களுக்குத் தொன்றுதொட்டு உரியது.

1876 இல் அமெரிக்கரான நதானியல் ஹெரஷோவ் இத்தகைய படகொன்றைக் கட்டி நியூயோர்க்கிற் போட்டிக்கு விட, அது ஏனைய படகுகளை எளிதில் முந்திற்று. முந்தியதே குற்றமாகிப் பின்னர் விலக்கப்பட்டது. 1947 இல் ஹவாயில் வூடி பிறவுண் என்பாரும் நண்பரும் கட்டிய படகு இவ்வமைப்புக்கு மீண்டும் மதிப்பளித்தது. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி அல்ற்றர், 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘ஹோபி 16’ என்னும் படகை வெளியிட்டார். அதன்பின்னரே இரட்டைத் தோணி உலகக் கடற்கரைகளெங்கும் பரவிற்று.

எம்மிடம் உள்ளதும், கைமாறி வந்த அவ்வகைப் படகொன்றே. நீளம் ஏறக்குறைய 5 மீற்றர், அகலம் 2.4 மீற்றர், நிறை 145 கிலோகிராம், பாயின் பரப்பு 20 சதுர மீற்றர். ஏராக்கட்டை இல்லை. தோணிகளின் வெளிப்பக்கம் தட்டையாகவும் உட்பக்கம் வளைந்தும் இருப்பதால், அவையே பக்கவாட்டில் வழுகுவதைத் தடுக்கின்றன. தரைதட்டினால் மேலெழும் இரண்டு சுக்கான்கள் பின்புறத்தில் உள. தோணிகளின் மேல் நான்கு குறுந்தூண்களில் நிற்கும் அலுமினியச் சட்டகத்தில் இழுத்துக் கட்டிய துணித்தளமே நமக்கு இருக்கை. மணலிலிருந்து தள்ளிச் சென்று மணலிலேயே வந்தேறுவதற்கு இதனினும் ஏற்ற படகு அரிது. காற்றுள்ளபோது இதன் வேகம் கண்டு பிரமிப்போம். காற்றற்றபோதோ இது தெப்பத்திலுங் கேடு. தெப்பத்தில் இருந்து துடுப்பு வலிக்கலாம். இதன் அகலத்தில் ஒருவன் ஒரு பக்கம் வலித்தாற் படகு சுழலுமேயன்றி முன்செல்லாது.

காற்று விழுந்த நாள்

ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் உப்புவெளிக் கரையிலிருந்து, தரைக்காற்றின் துணையோடு நாம் இருவர் வடக்கே புறாத்தீவை நோக்கிச் சென்றோம். பிற்பகலிற் கடற்காற்று எழும், அதிலேறித் திரும்புவோம் என்பது எம் கணக்கு. நண்பகலில் தரைக்காற்று விழுந்தது, கடற்காற்று எழவில்லை. கண்ணாடி போன்ற நீரில் பாய் தொங்க, வெயில் தலைமேல் நிற்க, நீரோட்டம் மட்டும் எம்மை மெல்ல மெல்லக் கரையினின்றும் விலக்கிச் சென்றது. நான்கு மணிவரையில் ஒரு துடுப்பை மாறிமாறி வலித்தோம். கரைத் தென்னைகள் சிறுத்தனவேயன்றிப் பெருக்கவில்லை. குடிநீர் தீர்ந்தது. மாலையிற் கச்சான் எழுந்து தரையிலிருந்து கடலை நோக்கி வீசுமாயின் எம் நிலை யாதாகும் என்பதை இருவரும் நினைத்தோம். இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஐந்து மணியளவில், வலைவிடப் புறப்பட்ட கண்ணாடிநார்ப் படகொன்று எம்மைக் கண்டு திரும்பி வந்தது. அதிலிருந்த முதியவர் கயிற்றை எறிந்து, கரைசேரும் மட்டும் ஒன்றும் பேசவில்லை. மணலில் இறங்கிய பின்பே, “தம்பிமார், காத்து விழுந்தா பாய் வெறுஞ் சீலைதான். ஒரு சின்ன மெசினாவது வச்சிருக்கக் கூடாதா?” என்றார். காசு கொடுக்கப் போனோம், வாங்க மறுத்துவிட்டார். அன்றைய வலைவிடும் நேரத்தை அவர் எமக்காக இழந்தார் என்பதை உணர்ந்தபோதுதான் எமது பொழுதுபோக்குக்குப் பிறர் கொடுக்கும் விலை எமக்குத் தெரிந்தது.

முதற் பிழை

மறுவாரமே இயந்திரம் தேடினோம். ‘சின்ன மெசின்’ என்று முதியவர் சொன்னதில் ‘மெசின்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘சின்ன’ என்பதை விட்டுவிட்டோம். அயலிலே மீன்பிடிக்குப் பயன்படும் 15 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரமொன்று இரவலாகக் கிடைத்தது. நிறை 40 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. அதனைப் பின் குறுக்குச் சட்டத்தின் நடுவில் பலகை வைத்து இறுக்கி, உட்குடாவில் முழங்காலளவு நீரிற் பரீட்சித்தோம்.

இறுக்கியவுடனே தோணிகளின் பின்முனைகள் நீரில் அமிழ்ந்தன. அணியம் வானைப் பார்த்தது. விசையைக் கூட்டியதும் சட்டம் முறுகி முனகிற்று, பலகை சரிந்தது, பின்னால் எழுந்த அலை துணித்தளத்தின்மேல் ஏறிற்று. வேகம் நாம் நினைத்ததிற் பாதியுமில்லை. நல்ல வேளையாக நீர் முழங்காலளவே. கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற அதே முதியவர், “ஆட்டுக்குட்டியில யானையை ஏத்திப்போட்டீங்க” என்று சொல்லிப் போனார்.

அன்றிரவு மூவரும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். எமக்குப் பௌதிகங் கற்பித்த ஆசிரியர், “எடையை மட்டும் கேளாதே, எங்கே வைத்தாய் என்றுங் கேள்” என்று கரும்பலகையைத் தட்டிச் சொல்வதுண்டு. அவ்வாக்கு முப்பதாண்டு கழித்துப் பொருள் விளங்கிற்று.

நிறையும் இடமும்

இயந்திரம் தொங்கும் இடம் படகின் நடுமையத்திலிருந்து ஏறக்குறைய 2 மீற்றர் பின்னே உள்ளது. 38 கிலோகிராம் 2 மீற்றர் தூரத்தில் தரும் திருப்பம் 76. இதனைச் சமன்செய்ய 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் தம் இடத்திலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் முன்னே நகரவேண்டும். நகர்ந்தால் சுக்கானுக்கும் பாய்க்கயிற்றுக்கும் கை எட்டாது. 14 கிலோகிராம் நிறையுள்ள சிறு இயந்திரமாயின் திருப்பம் 28 மட்டுமே. 40 சதமமீற்றர், அஃதாவது ஒரு முழத்திலுஞ் சிறிது குறைவாக, முன்னே நகர்ந்தாற் போதும். இரட்டைத் தோணியின் பின்முனைகள் ஒடுங்கியவை. அங்கே மிதப்பு ஆற்றல் குறைவு. ஆதலின் ஏனைய படகுகளிற் பொறுக்கத்தக்க நிறை இதிற் பொறுக்கவொண்ணாததாகின்றது.

எவ்வளவு வலு வேண்டும்?

படகின் வேகம் இருமடங்காகும்போது நீரின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகின்றது. அவ்வேகத்துக்கு வேண்டிய வலுவோ எட்டு மடங்காகின்றது. ஆகவே 2 குதிரைவலுவுக்குப் பதிலாக 15 பூட்டினால், ஏழரை மடங்கு வலுவுக்கு இருமடங்கு வேகமும் வருவதில்லை. மிகுந்த வலுவெல்லாம் அலையெழுப்புவதிலும் சட்டத்தை முறுக்குவதிலுமே செலவாகின்றது.

நாம் வேண்டுவது வேகமன்று, கரைசேர்தல். எதிர்க்காற்று மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் வீசுகையில், மணிக்கு 3 கடல்மைல் வேகத்தில் முன்செல்ல வேண்டுமென வைத்துக்கொள்வோம். படகு உணரும் காற்று 18 கடல்மைல். அக்காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஐந்து கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட தள்ளுவிசை தரும். பாய்மரம், கயிறுகள், தோணி, இருக்கும் இருவர் ஆகிய அனைத்தும் காற்றுக்குக் காட்டும் பரப்பை 2 சதுர மீற்றரெனக் கொண்டால் காற்றின் தடை பத்தரைக் கிலோகிராம். நீரின் தடையை நான்கு கிலோகிராமென மதித்தோம். இரண்டுஞ் சேர்ந்து பதினான்கரை. இதனை அவ்வேகத்தில் வெல்ல 220 வாற்று வேண்டும். சுழல்விசிறியிற் பாதி வீணாகுமாதலின் இயந்திரம் தரவேண்டியது 440 வாற்று. ஒரு குதிரைவலு 746 வாற்று. எனவே தேவை அரைக் குதிரைவலுவுக்குச் சற்று மேல். அலையும் அசைவும் கருதி மும்மடங்காக்கினாலும் 2 குதிரைவலுவைத் தாண்டாது. முதியவரின் ‘சின்ன மெசின்’ கணக்கிலும் சரியாயிற்று.

ஒன்று கவனிக்கத்தக்கது. இக்கணக்குப் பாய் இறக்கிய நிலைக்கே பொருந்தும். இப்படகிற் பெரிய பாயை ஏற்றியதும் அது பாய்மரத்தின் உச்சியில் ஒரு கொளுவியிற் பூட்டிக்கொள்கின்றது. ஆடும் கடலில் அதனை விடுவித்து இறக்குவது எளிதன்று. படபடக்கும் பாயோடு எதிர்க்காற்றிற் செல்வது இயந்திரத்துக்குப் பெருஞ்சுமை. எனவே பாயிறக்கும் பயிற்சியைக் கரையருகே பலமுறை செய்தல் வேண்டும்.

பெற்றோலா, மின்சாரமா?

1909 இல் ஓலே எவின்றூட் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலுவுக்கு 28 கிலோகிராம் நிறை கொண்டிருந்தது. இன்று 2 முதல் இரண்டரை வரையான குதிரைவலு 14 கிலோகிராமளவிற் கிடைக்கின்றது. இதன் மேற்றாங்கி ஏறக்குறைய ஒரு லீற்றர் பெற்றோல் கொள்ளும். முழு விசையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஓடும். இவ்வகை இயந்திரங்களுக்குப் பின்செல்லும் பல்லிணை பெரும்பாலும் இல்லை. பின்செல்ல வேண்டின் இயந்திரத்தையே திருப்பிப் பிடிக்கவேண்டும்.

மின்னியந்திரம் ஓசையற்றது, தொட்டவுடன் ஓடும், எரிபொருள் சிந்துவதில்லை. 12 வோல்ற்றில் 50 அம்பியர் கொள்ளும் ஒன்று 600 வாற்று இழுக்கும். எமது கணக்குக்கு அது போதும். ஆனால் அதன் நிறை இயந்திரத்திலன்று, பற்றரியில் உள்ளது. 100 அம்பியர்மணி ஈயப் பற்றரி 25 முதல் 30 கிலோகிராம். அதிலும் பாதிக்கு மேல் வடித்தால் அது விரைவிற் கெடும். ஆகவே முழு விசையில் ஒரு மணி நேரமே பயன். அதே கொள்ளளவுள்ள இலிதியப் பற்றரி ஏறக்குறைய அதிற் பாதி நிறையில் இரண்டு மணி நேரம் தரும், விலை மிகுதி. பற்றரியை இயந்திரத்தோடு பின்னே வையாது பாய்மரத்தடியில் வைக்கலாம் என்பது இதன் பெருஞ் சிறப்பு. அமைதியான களப்பில் ஓடுவோருக்கு மின்னியந்திரத்தையே சொல்வோம். திறந்த கடலும் கைப்பொருளின் சிறுமையும் கருதி நாம் பெற்றோலைக் கொண்டோம்.

பூட்டும் முறை

முதலாவது, அளத்தல். இருவரும் ஏறியிருக்கும் நிலையிற் பின் சட்டத்துக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள உயரத்தை அளக்கவேண்டும். கரையில் வெறும் படகை அளப்பதாற் பயனில்லை. சட்டம் தூண்களின்மேல் உயர்ந்து நிற்பதால் 15 அங்குலத் தண்டு எட்டாது. 20 அங்குல நீளத் தண்டே வேண்டும். அன்றேல் இயந்திரம் தொங்கும் பலகையைக் கீழிறக்கவேண்டும். அலையில் அணியம் தாழும்போது பின்புறம் எழும். விசிறி காற்றை விழுங்கினால் இயந்திரம் அலறுமேயன்றிப் படகு நகராது. ஆதலின் விசிறியின் மேலுள்ள தகடு நீர்மட்டத்தின் கீழ் ஒரு சாணளவாவது இருத்தல் நன்று.

இரண்டாவது, இடம். நடுவிற் பூட்டுவதே முறையென்று தோன்றும். ஆயின் அங்கே பெரிய பாயின் கயிறு ஓடும் தடம் உள்ளது; இரண்டு சுக்கான்களையும் இணைக்கும் தண்டு இடமும் வலமும் அசைகின்றது; சுக்கானின் கைப்பிடியும் அவ்வழியே திரும்புகின்றது. இவற்றுள் ஒன்று சிக்கினாலும் திருப்பும் வேளையிற் படகு கவிழும். நாம் நடுவிலிருந்து ஒரு முழம் இடப்புறமாக, தூணுக்கு அண்மையில் வைத்தோம். தாங்கியின் கை, இணைப்புத் தண்டின் கீழாகச் சென்று அதன் பின்னே மேலெழுகின்றது. பக்கத்தில் உள்ளமையாற் படகு சிறிது ஒருபுறம் இழுக்கும். அதனைச் சுக்கான் எளிதில் திருத்தும்.

மூன்றாவது, பிடி. அலுமினியச் சட்டத்திற் துளையிடலாகாது. சட்டம் தாங்கும் வளைவு முழுவதும் அத்துளையிற் குவியும். நீருக்கு ஈடுகொடுக்கும் ஒட்டுப்பலகை இரண்டைச் சட்டத்தின் இருபுறமும் வைத்து, லாட வடிவான துருப்பிடியாத ஆணிகளால் இறுக்கினோம். உப்புநீரில் உருக்கும் அலுமினியமும் நேரே தொட்டால் அலுமினியம் அரித்துப்போம். இடையே றப்பர்த் துண்டு வைத்தோம். விசிறியின் உதைப்பு சட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் கீழே நிகழ்வதால் சட்டம் முறுக முயலும். அதனைத் தடுக்க, தாங்கியின் கீழ்முனையிலிருந்து தூண்கள் இரண்டுக்கும் சாய்கயிறு கட்டினோம். முதற் பரீட்சையிற் சட்டம் முனகியதன் காரணம் இவை இல்லாமையே.

நான்காவது, பாய் விரித்தோடும்போது இயந்திரம் நீருக்கு மேல் மடிந்து நிற்றல் வேண்டும். நீரில் இழுபடும் தண்டு படகின் வேகத்தை உண்ணும். மடித்த இயந்திரத்தின் தலையிற் பாய்க்கயிறு மாட்டாதிருக்க ஓர் உறையிட்டோம். தாங்கி கழன்றாலும் இயந்திரம் ஆழம் போகாதிருக்கத் தனிக் கயிறொன்றும் கட்டினோம்.

சில எச்சரிக்கைகள்

இத்தகைய படகு கவிழ்வது இயல்பு, கவிழ்ந்தால் நிமிர்த்தலாம். ஆனால் பின்புற நிறை நிமிர்த்துவதைக் கடினமாக்கும். நீரில் மூழ்கிய இயந்திரம் உடனே இயங்காது. ஆகவே கடுங்காற்று நாட்களில் இயந்திரத்தைக் கரையில் விட்டுச் செல்வதே அறிவு. காற்று மிக்க நாளில் வேண்டுவது நல்ல பாய். காற்றற்ற நாளில் வேண்டுவதே இயந்திரம்.

ஓட்டுபவர் தம் மணிக்கட்டில் நிறுத்துகயிற்றைக் கட்டாது இயந்திரத்தை இயக்கலாகாது. இத்தளத்திலிருந்து ஒருவர் பின்னே வழுகி விழுவது எளிது. விழும் இடத்திலேயே விசிறி சுழல்கின்றது. உயிர்காப்பு அங்கி, துடுப்பு, சிறு நங்கூரம், குடிநீர் என்பன இயந்திரம் வந்தபின்னும் வேண்டியனவே. திரும்பியதும் நன்னீரில் இயந்திரத்தைக் கழுவி, சில நிமிடம் நன்னீரில் ஓடவிடுதல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலான எச்சரிக்கை ஒன்று உண்டு. இயந்திரம் பூட்டிய மறுவாரமே எம்முள் ஒருவர், “இனி மெசின் இருக்கிறதே, இன்னும் வெளியே போவோம்” என்றார். போனோம். திரும்புகையிற் காற்றுத் தணிந்தது. இயந்திரத்தின் கயிற்றை இருபது முறை இழுத்தும் அது இருமிற்றேயன்றி இயங்கவில்லை. தீப்பொறிச் செருகியில் உப்புநீர். நங்கூரமிட்டு, செருகியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் பூட்டி இயக்க அரைமணி சென்றது. அந்த அரைமணியில் நாம் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். இயந்திரம் இல்லையென எண்ணி எவ்வளவு தூரம் போவோமோ அவ்வளவே போதல் வேண்டும். துணையை நம்பித் தொலைவு போவோர்க்குத் துணையே பகையாகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி குதிரைவலுவுக்கும் துணிவுக்கும் ஒருங்கே பொருந்துகின்றது.

சென்ற புரட்டாதியில் ஒரு மாலை மீண்டும் காற்று விழுந்தது. பாயைச் சுருட்டி, இயந்திரத்தை நீரில் இறக்கி, ஒரே இழுப்பில் இயக்கி, அரை விசையில் மணிக்கு 4 கடல்மைலளவிற் கரைநோக்கி வந்தோம். எதிரே அம்முதியவரின் படகு வலைவிடச் சென்றுகொண்டிருந்தது. இம்முறை அவர் தம் வழியை விட்டுத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. எமது பின்புறத்தைக் கூர்ந்து நோக்கிவிட்டு, கையை ஒருமுறை உயர்த்திச் சென்றார். எமது பரீட்சையிற் பெற்ற சித்தியாக அதனையே கொண்டோம்.

பரீட்சை மண்டபத்தை விட்டு நெடுநாளாயினும், கற்ற பாடம் எம்மை விட்டுப் போகவில்லை. அதனை மறந்தபோது கடல் திருத்திற்று, நினைந்தபோது கரைசேர்த்தது. அப்பாடத்தை எமக்களித்த கல்லூரியன்னை பல்லாண்டு வாழ்க.